வானொலி நிலையத்தைக் காலத்துக்கேற்ப மாற்றுவது எப்படி? எஃப்.எம். கோபுரம் முதல் கைபேசி வரை முழுமையான வழிகாட்டி

காலையில் சமையலறையில் பழைய ரேடியோ. வீட்டை விட்டு இறங்கினால் காதில் இயர்போன். காரில் ஏறியதும் டேஷ்போர்டு திரை. இரவில் படுக்கையருகே ஸ்மார்ட் ஸ்பீக்கர். ஒரே நேயர், ஒரே நாள், நான்கு கருவிகள். அவர் நிலையத்தைப் பிடிக்காமல் விலகுவது அபூர்வம். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தில்தான் கைநழுவிப் போகிறார். ஆப் திறக்கப் பத்து வினாடி ஆகிறது. கார் திரையில் பெயர் தப்பாக வருகிறது. ஸ்பீக்கரிடம் பெயரைச் சொன்னால் வேறு நிலையம் பாடுகிறது. நிலையத்துக்குள்ளும் கோளாறு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மூட்டுகளில்தான்: ஸ்டூடியோவும் சர்வரும் சேரும் இடம், நேரலையும் பாட்காஸ்டும் பிரியும் இடம். கீழே உள்ள வரிசை அந்த மூட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்குவதற்கானது. வரிசை முக்கியம். ஒலி சரியில்லாத நிலையம் ஆப் வெளியிட்டால், கெட்ட ஒலி இன்னொரு கருவியிலும் கேட்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை: கோபுரத்தில் கை வைக்காதீர்கள்

நார்வே 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டி.ஏ.பி.+ என்ற டிஜிட்டல் வானொலி முறைக்கு மாறியது. அப்போதும் உள்ளூர் நிலையங்கள் பலவும் எஃப்.எம்.மிலேயே தொடர்ந்தன. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று எஃப்.எம்.மை அணைத்தது, அதன் பிறகு அதன் நேயர் எண்ணிக்கை இறங்கியது. நல்ல மாற்று ஏற்பாடு இருந்த நாடுகளின் கதையே இது.

கணக்கும் எஃப்.எம். பக்கம்தான். டிரான்ஸ்மிட்டருக்கு நூறு பேர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒரே மின்சாரம். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு நேயருக்கும் தனியாக டேட்டா போகிறது, கேட்பவர் கூடக் கூடச் செலவும் கூடும். புயல், வெள்ளம் வந்து மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் எஃப்.எம். நிலையம் அப்போதும் பேசும். ஆகவே பழையதை நிறுத்தாமல் புதியதை அருகில் ஊன்றுவதே முறை.

படி 1: யார், எதில், எத்தனை நேரம் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள்

ஸ்ட்ரீம் சர்வரின் பதிவுக் கோப்பு கையில் இருக்கிறதா? அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் அதை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவீர்கள். தேடுபொறி ரோபோக்கள், கண்காணிப்பு மென்பொருள்கள், இணைப்பு அறுந்து அறுந்து மீண்டும் வந்த ஒரே நேயர் என எல்லாமே அதில் 'நேயர்' என்றுதான் பதிவாகும். முதல் வேலை, 60 வினாடிக்குக் குறைந்த இணைப்புகளையெல்லாம் கழித்துவிடுவது.

மிஞ்சியதில் இரண்டு எண்கள் போதும். ஒரு நாளில் எல்லோரும் சேர்ந்து கேட்ட மொத்த மணி நேரம் 2,400 என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுத்தால் 100. எந்த நொடியிலும் சராசரியாக நூறு பேர் இருக்கிறார்கள் என்று பொருள். அதே நாளில் 6,000 இணைப்புகள் என்றால், ஓர் இணைப்பு சராசரியாக 24 நிமிடம் நிற்கிறது. விளம்பரதாரரிடம் பெருமையாகக் காட்டப்படுவது 6,000. நிலையத்தை நடத்துபவர் பார்க்க வேண்டியது அந்த 24.

அடுத்து, ஒரு வாரத்துக் காலை நிகழ்ச்சியை எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை பேர் இணைப்பில் இருந்தார்கள் என்று கோடாக வரையுங்கள். அதன் மேல் உங்கள் நிகழ்ச்சிக் கடிகாரத்தை, அதாவது பாட்டு, பேச்சு, செய்தி, விளம்பரம் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதை, வேறு நிறத்தில் வையுங்கள். கோடு எங்கே சரிகிறதோ அங்கே என்ன ஓடியது என்பது கண்முன் தெரியும். பெரும்பாலும் நீளமான விளம்பர இடைவேளையின் இரண்டாம் பாதியில் சரிவு இருக்கும். ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: ஸ்ட்ரீம் நேயருக்கு ஒலி அரை நிமிடம் தாமதமாகப் போகிறது; அந்த அளவுக்குக் கோட்டை நகர்த்தித்தான் படிக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரத்தால் போனவரைப் பாட்டால் போனவர் என்று நினைத்துப் பாட்டை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

எஃப்.எம். நேயர்களுக்குப் பதிவுக் கோப்பு கிடையாது. தொலைபேசி எடுப்பவர் மேசையில் ஒரு தாள் வையுங்கள்: ரேடியோ, கார், கைபேசி ஆப், இணையதளம், ஸ்பீக்கர். அழைப்பவரிடம் 'எதுல கேக்குறீங்க?' என்று ஒரே கேள்வி, ஒரு கோடு. இரண்டு வாரம் போதும். அழைப்பவர்கள் எல்லா நேயர்களையும் பிரதிநிதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் முடிவெடுப்பதைவிட மேல்.

படி 2: ஒலியை இரண்டாகப் பிரியுங்கள்

எஃப்.எம்.முக்குப் போகும் ஒலியையே எடுத்து ஸ்ட்ரீமுக்கும் கொடுப்பது சிறு நிலையங்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. எஃப்.எம். பிராசசர், அதாவது ஒலிபரப்புக்கு முன் ஒலியைச் சீராக்கும் கருவி, வேறொரு உலகத்துக்காக ஒலியைத் தயாரிக்கிறது. 19 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பைலட் (ஸ்டீரியோ ஒலி வருகிறது என்று ரேடியோவுக்குச் சொல்லும் சைகை) இருப்பதால் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடும். 50 அல்லது 75 மைக்ரோசெகண்ட் பிரி-எம்பசிஸுக்காக (இரைச்சலைக் குறைக்க உயர் ஒலிகளை முன்கூட்டியே தூக்கி அனுப்பும் முறை) உயர் ஸ்தாயியைக் கட்டுப்படுத்தும். 'ச', 'ஸ' ஒலிகள் நசுங்கும். அந்த நசுங்கலை ஸ்ட்ரீம் என்கோடர் (ஒலியை அழுத்தி இணையத்துக்கு அனுப்பும் கருவி) ஒலியின் பகுதி என்றே எடுத்துக்கொண்டு, இருக்கும் கொஞ்சம் பிட்டுகளை அதில் வீணடிக்கும். கேட்பவருக்குத் தண்ணீருக்கடியில் சிம்பல் தட்டுவதுபோல் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. மிக்சரின் நிகழ்ச்சி வெளியீட்டை பிராசசருக்கு முன்பே பிரியுங்கள். ஒரு கிளை எஃப்.எம். பிராசசருக்கு. இன்னொரு கிளை ஸ்ட்ரீமுக்கான தனி பிராசசருக்கு. அது மென்பொருளாக இருந்தாலும் போதும், பிரி-எம்பசிஸ் அணைந்திருக்க வேண்டும். சத்த அளவை ஸ்ட்ரீமுக்கு -16 முதல் -18 எல்.யு.எஃப்.எஸ்.க்குள் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) நிறுத்துங்கள், உச்சம் -1 டெசிபல் ட்ரூ பீக்கைத் தாண்டக் கூடாது. எஃப்.எம்.மில் இருக்கும் 'யார் அதிகச் சத்தம்' என்ற போட்டிக்கு ஸ்ட்ரீமில் அர்த்தமே இல்லை.

பாட்டுக் கிடங்கையும் ஒரு முறை பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் 128 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சேர்த்த பாட்டு எஃப்.எம்.மில் தப்பித்துக்கொள்ளும். அதையே ஸ்ட்ரீமுக்காக மீண்டும் ஏ.ஏ.சி. என்ற வடிவத்தில் அழுத்தினால் ஒரு முறை பிழிந்த துணியைத் திரும்பப் பிழிவதுபோல் ஒலி சுருங்கும். எல்லாவற்றையும் மாற்ற ஆள் இல்லையென்றால், வாரத்தில் அதிகம் ஓடும் 300 பாட்டுகளை மட்டும் மூலப் பதிவிலிருந்து புதிதாக எடுத்து, ஒலியை இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேருங்கள். கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த முந்நூறுக்குள் அடங்கிவிடும்.

படி 3: அறுந்தால் மீளும் ஸ்ட்ரீம்

மூன்று தரங்கள் வைத்தால் போதும். முதன்மையாக எச்.இ.-ஏ.ஏ.சி. (குறைந்த டேட்டாவில் நல்ல ஒலி தரும் ஏ.ஏ.சி. வகை) 64 கிலோபிட், நல்ல இணைப்பில் இருப்பவர்களுக்கு ஏ.ஏ.சி.-எல்.சி. 128 கிலோபிட், சிக்னல் மெலிந்த இடங்களுக்கு எச்.இ.-ஏ.ஏ.சி. இரண்டாம் பதிப்பில் 32 கிலோபிட். பழைய இணைய ரேடியோ பெட்டிகள் பலவற்றுக்கு எம்.பி.3 தவிர வேறெதுவும் புரியாது. அவற்றுக்காக 128 கிலோபிட் எம்.பி.3 ஒன்றை ஓரமாக ஓடவிடுங்கள்.

டேட்டா கணக்கைச் சேவை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். 64 கிலோபிட்டில் ஒரு நேயர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 மெகாபைட். எப்போதும் சராசரியாக நூறு பேர் என்றால் 30 நாளில் 72,000 மணி நேரம், ஏறத்தாழ 2 டெராபைட். 128-க்குப் போனால் இரட்டிப்பு. ஒரே நேரத்தில் 500 பேர் வந்தால் 32 மெகாபிட் வெளியே போக வேண்டும். ஸ்டூடியோவின் சொந்த இணைய இணைப்பிலிருந்து இதைத் தர நினைக்காதீர்கள். ஸ்டூடியோவிலிருந்து ஒரே ஓர் ஓடை வெளி சர்வருக்குப் போகட்டும், பெருக்கும் வேலை அங்கே நடக்கட்டும்.

ஐஸ்காஸ்ட் போன்ற சர்வர் மென்பொருள் தரும் நேரடி ஸ்ட்ரீமா, எச்.எல்.எஸ்.ஸா என்ற கேள்வி வரும். நேரடி ஸ்ட்ரீம் ஒரே நீண்ட இணைப்பு. வீட்டு வைஃபையிலிருந்து தெருவில் இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் அது அறுந்துவிடும். நேயர் மறுபடி பிளே அழுத்த வேண்டும், பாதிப் பேர் அழுத்த மாட்டார்கள். எச்.எல்.எஸ். ஒலியைச் சிறு துண்டுகளாக, வழக்கமாக 6 வினாடித் துண்டுகளாக, தனித்தனியாக எடுப்பதால் அந்த மாற்றத்தைத் தாண்டிப் போகும். அதற்கான விலை தாமதம்: பிளேயர் மூன்று துண்டுகள் பின்தங்கித் தொடங்கும், ஆக 20 முதல் 30 வினாடி. கைபேசி ஆப்புக்கு எச்.எல்.எஸ்., பழைய பெட்டிகளுக்கு ஐஸ்காஸ்ட் என்று இரண்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஐஸ்காஸ்டில் 'பர்ஸ்ட் சைஸ்' இயல்பாக 64 கிலோபைட். இணைந்த உடனே நேயருக்கு இவ்வளவு ஒலி மொத்தமாகப் போய்விடுவதால் பாட்டு சட்டென்று தொடங்கும். 64 கிலோபிட் ஓடையில் இது எட்டு வினாடி இருப்பு. இதைப் பூஜ்யமாக்கித் தாமதத்தைக் குறைக்க நினைப்பவர்கள், 'பஃபர் ஆகிறது' என்ற புகாரைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

என்கோடர் நின்றுபோனால் நேயர்களை மாற்று ஓடைக்கு அனுப்பும் ஃபால்பேக் மவுண்டைக் கட்டாயம் அமையுங்கள். முதன்மை திரும்பி வந்ததும் அவர்களைத் திரும்ப அழைக்கும் 'ஓவர்ரைடு' அமைப்பையும் சேர்த்தே இயக்குங்கள். மாற்று ஓடை அதே கோடெக் (ஒலியை அழுத்தும் முறை), அதே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது), அதே சானல் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 44.1-இல் ஓடுவதற்கு மாற்றாக 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை வைத்தால், பல பிளேயர்கள் குரலை இழுத்துப் பேசும் அல்லது அப்படியே நின்றுவிடும்.

முகவரி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். ஸ்ட்ரீம் முகவரி எப்போதும் உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். சேவை நிறுவனம் கொடுக்கும் முகவரியையோ ஐ.பி. எண்ணையோ வெளியே கொடுக்காதீர்கள். ரேடியோ அடைவுகள், கார்கள், இணைய ரேடியோ பெட்டிகள் என்று ஒரு முறை பரவிய முகவரியைத் திரும்பப் பெற முடியாது. சொந்த டொமைன் என்றால், நிறுவனம் மாறும்போது டி.என்.எஸ். பதிவை (டொமைன் பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற குறிப்பு) மட்டும் மாற்றினால் போதும். எச்.டி.டி.பி.எஸ். கட்டாயம், போர்ட் 443. எட்டாயிரமாவது போர்ட்டை அலுவலக ஃபயர்வால்கள் அடைத்துவைப்பது சாதாரணம். பகல் நேர நேயர்களில் அலுவலகத்தில் இருந்து கேட்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 4: மௌனத்தைக் கண்டுபிடிக்கும் காது

எல்லா நிலையத்திலும் சைலன்ஸ் டிடெக்டர் இருக்கும், பெரும்பாலும் தப்பான இடத்தில். ஸ்டூடியோ ரேக்கில் இருப்பது ஸ்டூடியோவின் மௌனத்தை மட்டுமே அறியும். என்கோடருக்குள் போகும் கம்பி கழன்றால் என்ன ஆகும்? என்கோடர் உயிரோடிருக்கும், வெறும் மௌனத்தை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வர் இணைப்பு இருப்பதாகவே நினைக்கும். ஃபால்பேக் வேலை செய்யாது. ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் ஸ்ட்ரீம் ஊமையாக இருந்து, நேயர் சொல்லித்தான் தெரியவரும் சம்பவங்களின் ஆணிவேர் இதுதான்.

ஆகவே மூன்று காதுகள் வையுங்கள்: ஸ்டூடியோ வெளியீட்டில் ஒன்று, சாதாரண எஃப்.எம். ரிசீவரில் வானிலிருந்து கேட்கும் ஒன்று, வெளியே ஓர் இடத்திலிருந்து ஸ்ட்ரீமை நேயர்போல் இணைந்து கேட்கும் ஒன்று. -40 டெசிபலுக்குக் கீழே 20 வினாடி நீடித்தால் மாற்று ஓடை, 60 வினாடியில் பொறுப்பாளர் கைபேசிக்கு அழைப்பு. குறுஞ்செய்தி போதாது, தூக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. அறுந்த எர்த் கம்பியால் வரும் 'ஹ்ம்ம்' இரைச்சலை டிடெக்டர் ஒலி என்றே எண்ணிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு மனிதக் காதுதான் வழி.

ஸ்டூடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு ஐ.பி. வழியாக ஒலி போகிறதென்றால் இரண்டு பாதை வேண்டும், இரண்டும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக, முடிந்தால் வெவ்வேறு வகையாக: ஒன்று ஃபைபர், ஒன்று ரேடியோ லிங்க். இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே குழிக்குள் போனால், ஒரு மண்வெட்டி போதும்.

ஸ்டூடியோவுக்குள் நெட்வொர்க் ஆடியோவுக்கு மாறுபவர்களுக்கு ஒரு பத்தி. சாதனங்கள் 2013-இல் வந்த ஏ.இ.எஸ்.67 என்ற பொது நெட்வொர்க் ஆடியோ தரத்தை ஏற்பவையாக இருந்தால் ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. ஆடியோவுக்குத் தனி வி.லேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி), சுவிட்சில் ஓடைகளைக் கேட்ட கருவிகளுக்கு மட்டும் அனுப்பும் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கும் குவெரியரும் இயங்க வேண்டும், இல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் ஓடைகள் எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாகப் பாயும். மின்சக்தியைச் சேமிக்கும் 'கிரீன் ஈதர்நெட்' வசதியை அணைத்துவிடுங்கள். எப்போதோ ஒரு முறை 'டிக்' என்று கேட்டு ஆளைப் பைத்தியமாக்கும் கோளாறுகளில் பல அதன் வேலை.

படி 5: பெயரும் திரையும்

கார் ரேடியோ இப்போது கேட்கும் கருவி மட்டுமல்ல, பார்க்கும் கருவியும்கூட. எஃப்.எம். அலையோடு எழுத்தையும் அனுப்பும் ஆர்.டி.எஸ்.ஸில் நிலையப் பெயருக்கு 8 எழுத்து, ரேடியோ டெக்ஸ்டுக்கு 64 எழுத்து. அந்த எட்டு எழுத்தில் பாட்டுப் பெயரை ஓடவிடுவது ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து பறிக்கும். பல கார்கள் எந்தத் துண்டைப் பெயராகச் சேமிப்பது என்று குழம்பும். பெயர் அசையாமல் நிற்கட்டும், மற்றதெல்லாம் டெக்ஸ்டில் போகட்டும்.

ஆர்.டி.எஸ்.ஸின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை, ரோமன் எழுத்தில்தான் காட்ட முடியும். டி.ஏ.பி.+ இல் யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கம் வழியாகத் தமிழ் போகும். ஆனால் ஒரு செய்திக்கு 128 பைட்தான் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கோ' என்ற ஓர் எழுத்தே மெய்யும் உயிர்க்குறியுமாக 6 பைட் எடுக்கும். ஆக 42 குறிகளுக்கு மேல் இடமில்லை. பாடகர், இசையமைப்பாளர், படம் என்று எல்லாவற்றையும் திணித்தால் வரி நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும். ரிசீவரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தெரியும். நாலைந்து வகைக் கார்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்.டி.எஸ்.ஸில் கவனம் கோருபவை இன்னும் மூன்று. நிலையத்தின் அடையாள எண்ணான பி.ஐ. குறியீடு உங்களுக்கு ஒதுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். என்கோடரில் தொழிற்சாலை எண்ணை அப்படியே விட்டால் கார் உங்களை வேறு நிலையமாக நினைக்கும். மாற்று அலைவரிசைப் பட்டியலில் இப்போது இயங்காத அலைவரிசை இருந்தால் கார் அங்கே தாவி இரைச்சலில் நிற்கும். போக்குவரத்து அறிவிப்புக் கொடியை ஏற்றிவிட்டு இறக்க மறந்தால், சி.டி. கேட்டுக்கொண்டிருந்த நேயரின் காரில் உங்கள் பாட்டு வலுக்கட்டாயமாக நுழையும்.

ரேடியோடி.என்.எஸ். பதிவையும் செய்துவிடுங்கள். அலைவரிசையும் பி.ஐ. குறியீடும் கொண்டு கார் இணையத்தில் உங்கள் லோகோ, நிகழ்ச்சிப் பட்டியல், ஸ்ட்ரீம் முகவரி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், எஃப்.எம். எல்லை தாண்டினால் தானாக ஸ்ட்ரீமுக்கு மாறும் கார்களும் உண்டு. லோகோவை 32×32, 112×32, 128×128, 320×240, 600×600 அளவுகளில் தயாரியுங்கள். 600-ஐச் சுருக்கி 32 ஆக்கினால் எழுத்து புள்ளியாகிவிடும். சிறியதற்குத் தனியாக, ஒரே குறியீட்டோடு வரைய வேண்டும்.

ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கு ஒரு சோதனை. வெவ்வேறு வயதில் இருபது பேரை அழைத்து, தாளில் எழுதிய உங்கள் நிலையப் பெயரை ஸ்பீக்கரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிலர் அலைவரிசை எண்ணைத் தமிழில் சொல்வார்கள், சிலர் ஆங்கிலத்தில். சிலர் 'ரேடியோ'வை முன்னால் வைப்பார்கள், சிலர் பின்னால். தவறிப்போன வடிவங்களை எல்லாம் குறித்துவைத்து, மாற்றுப் பெயராகப் பதியுங்கள். பிறகு அறிவிப்பாளர்கள் ஒரே வடிவத்தை மட்டும் நாள்தோறும் வானில் சொல்ல வேண்டும். பழக்கப்படுத்துவது நிலையத்தின் வேலை.

படி 6: கடிகாரம் இனி ஒன்றல்ல

எஃப்.எம். நேயருக்கு எட்டு மணி அடிக்கும்போது ஸ்ட்ரீம் நேயர் இன்னும் ஏழு ஐம்பத்தொன்பதில் இருக்கிறார். 'இப்போது மிகச் சரியாக எட்டு மணி' என்பதை 'எட்டு மணி ஆகிறது' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'முதலில் அழைப்பவருக்குப் பரிசு' என்றால் ஆப்பில் கேட்பவர் ஒருநாளும் வெல்ல முடியாது, அதை அவர் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். மூன்று நிமிட அவகாசம் கொடுத்து, சரியான பதில்களில் குலுக்கல் நடத்துங்கள்.

டிஜிட்டல் கருவிகள் சேரச் சேர அறிவிப்பாளரின் ஹெட்போனிலும் தாமதம் வரும். வானிலிருந்து வரும் ஒலியைக் கேட்டபடியே பேசிப் பழகியவர், சில பத்து மில்லிசெகண்ட் தாமதத்திலேயே நாக்குத் தடுமாறுவார். மிக்சரிலிருந்து நேரடி ஒலியைக் காதுக்குக் கொடுங்கள். வானலையைக் கண்காணிக்க வேறு வழி வையுங்கள்.

படி 7: நேரலையிலிருந்து பாட்காஸ்ட்

நான்கு மணி நேரக் காலை நிகழ்ச்சியை அப்படியே ஏற்றிவிட்டுப் 'பாட்காஸ்டும் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அதற்குள் பன்னிரண்டு நிமிட நல்ல பேட்டி ஒன்று இருக்கும்; வேண்டியது அதுதான்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். நிகழ்ச்சி ஓடும்போதே தயாரிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தியோ தாளில் நேரம் எழுதியோ நல்ல இடங்களைக் குறிக்க வேண்டும். முடிந்த பிறகு தேட ஆரம்பித்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டுங்கள். பாட்டு, விளம்பரம், 'இன்னும் ஐந்து நிமிடத்தில் செய்தி' போன்ற நேரம் சார்ந்த பேச்சு எல்லாவற்றையும் நீக்குங்கள். பேசுபவர் யார், எதைப் பற்றி என்று 15 வினாடியில் சொல்லும் புது முன்னுரையை ஒலிப்பதியுங்கள். சத்த அளவு -16 எல்.யு.எஃப்.எஸ்.; பேச்சு மட்டும் என்றால் மோனோ 96 கிலோபிட் எம்.பி.3 தாராளம், அரை மணி நேரம் 21.6 மெகாபைட் வரும்.

பாட்டை நீக்கச் சொன்னது ரசனைக்காக அல்ல. ஒலிபரப்பும் உரிமை, ஸ்ட்ரீம் செய்யும் உரிமை, பதிவிறக்கக் கொடுக்கும் உரிமை மூன்றும் தனித்தனி. முதல் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதைச் செய்பவர்களுக்கு ஒருநாள் கடிதம் வரும். பேட்டியின் பின்னால் மெல்ல ஒலித்த திரைப்பாடலும் இதில் சேரும். ஆகவே பேச்சையும் இசையையும் தனித் தடங்களில் பதிவு செய்யும் வழக்கத்தை ஸ்டூடியோவில் இன்றே தொடங்குங்கள். பின்னால் பிரிக்க முடியாது.

புதிய பகுதிகளைப் பாட்காஸ்ட் ஆப்களுக்குத் தெரிவிக்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடையும் சொந்த டொமைனில். அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சல் வரை. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள ஜி.யு.ஐ.டி. அடையாளத்தைப் பிறகு மாற்றவே கூடாது. மாற்றினால் எல்லாப் பகுதிகளும் புதியவை என்று நேயரின் கைபேசி மீண்டும் பதிவிறக்கும், அவர் சந்தாவை நீக்கிவிடுவார். சேவை மாறும்போது பழைய முகவரியிலிருந்து 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடல் போட்டு, பல மாதங்கள் அப்படியே விட்டுவையுங்கள்.

படி 8: நேயர் குரல்

நேரலை அழைப்புக்குத் தயங்குபவர்கள் வாட்ஸ்ஆப் குரல்பதிவு தாராளமாக அனுப்புவார்கள். நிலையத்துக்கென்று தனிக் கைபேசி, கணினியில் திறந்த வாட்ஸ்ஆப், அங்கிருந்து கோப்பாகவே எடிட்டருக்கு. கைபேசி ஸ்பீக்கரை மைக் முன்னால் பிடித்து ஒலிக்கவிடும் பழக்கத்தை ஒழித்துவிடுங்கள். எடிட்டரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அளவைச் சமன் செய்து, 40 வினாடிக்குள் சுருக்கினால் வானில் தெளிவாக இருக்கும். ஒலிபரப்பச் சம்மதம் உண்டா என்பதைப் பதிவிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

படி 9: நிகழ்ச்சிக் கடிகாரத்தைத் திருத்துவது

பாட்டு மட்டும் வேண்டும் என்பவருக்கு, அவர் கேட்ட பாட்டை அவர் கேட்ட வரிசையில் தரும் ஆப்கள் இருக்கின்றன. 'தொடர்ந்து ஐம்பது நிமிடம் பாடல்கள்' என்று அவர்களோடு மோதுவது தோற்பதற்கான வழி. அந்த ஆப்களால் தர முடியாதது, இதே நேரத்தில் இதே ஊரில் விழித்திருக்கும் ஒரு மனிதக் குரல். பேச்சைக் குறைக்காதீர்கள், கூர்மையாக்குங்கள். ஆப்பில் வருபவர் எந்த நொடியிலும் நுழைவார். நுழைந்த பத்து வினாடியில் யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று புரிய வேண்டும். ஆறு நிமிட விளம்பர இடைவேளை ஒன்றை மூன்று நிமிடம் இரண்டாகப் பிரித்து, படி 1-இல் வரைந்த கோட்டை மறுபடி வரைந்து பாருங்கள்.

ஸ்ட்ரீமில் தனி விளம்பரம் செருகுபவர்கள் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் ஆட்டோமேஷனிலிருந்தே (நிகழ்ச்சியைத் தானாக ஓட்டும் மென்பொருள்) அனுப்ப வேண்டும். 28 வினாடி இடைவெளியில் 30 வினாடி விளம்பரம் செருகப்பட்டால் அறிவிப்பாளரின் முதல் வார்த்தை விழுங்கப்படும். விளம்பரத்தின் சத்த அளவும் ஸ்ட்ரீமின் அளவிலேயே இருக்கிறதா என்று சரிபாருங்கள். திடீரென்று கத்தும் விளம்பரம் நேயரை விரட்டும்.

படி 10: செயற்கை நுண்ணறிவு, கேமரா, பழைய டேப்

பேச்சை எழுத்தாக்க, பாட்காஸ்டுக்குக் குறிப்பு எழுத, தேடத்தக்க காப்பகம் அமைக்க நுண்ணறிவுக் கருவிகள் உண்மையிலேயே உதவும். செயற்கைக் குரலை இரவு நேர வானிலைக்கு வைத்தால், எண்களையும் சுருக்கங்களையும் சொல்லாக எழுதிக் கொடுங்கள். '1,25,000' என்பதை அது எப்படிப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ழகர, ளகரப் பிழையும் ஊர்ப் பெயர்ப் பிழையும் வராமல் ஒரு மனிதர் முன்கூட்டிக் கேட்க வேண்டும். செயற்கைக் குரல் என்பதை நேயரிடம் சொல்லிவிடுங்கள். ஓர் அறிவிப்பாளரின் குரலை எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் நகலெடுக்காதீர்கள்.

கேமராவுக்கு ஒன்றே ஒன்று: ஒலியை மிக்சரிலிருந்து எடுங்கள், படத்தை 9:16 நெடுக்குவாட்டில், வசன வரியோடு வெட்டுங்கள். பெரும்பாலோர் முதலில் ஒலியில்லாமல்தான் பார்ப்பார்கள்.

டேப் காப்பகத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக மாற்றுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஒரு கிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். ஓடும்போது டேப் கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பிசின் ஒட்டினால் அந்த நொடியே நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஒலியே உரிந்து வரும். அதை நிபுணரிடம் கொடுப்பதுதான் சரி. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில்.

படி 11: பிடுங்கிப் பார்ப்பது

எல்லாம் அமைந்த பிறகு, நேயர் குறைவாக உள்ள ஒரு மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். அறிவிப்பாளருக்குச் சொல்லிவிட்டு, பொறியாளர் முதன்மை என்கோடரின் ஒலிக் கம்பியை மட்டும் கழற்றட்டும், மின்சாரத்தை அல்ல. ஒருவர் தெருவில் கைபேசி ஆப்போடு, ஒருவர் காரில், ஒருவர் ஸ்பீக்கர் முன்னால். மாற்று ஓடை எத்தனையாவது வினாடியில் வந்தது, யார் கைபேசி ஒலித்தது, கம்பியை மாட்டியதும் மூன்று கருவிகளும் தாமாகவே திரும்பினவா என்று எழுதுங்கள். அடுத்த மாதம் இணைய இணைப்பு, அதற்கடுத்த மாதம் மின்சாரம். முதல் முறை ஏதாவது ஒன்று நிச்சயம் திரும்பாது, பெரும்பாலும் கார்.